அவுட்பாக்ஸில் தங்கிய மறுமொழி
அலுவலகத் தீயரணும் தங்கள் மின்னஞ்சலும்

திருவனந்தபுரத்தில் உள்ள எங்கள் கிளைக்கு ஒரு புதன்கிழமை காலையில், கதவு திறந்த சில நிமிடங்களிலேயே, வாடிக்கையாளர் ஒருவர் விரைந்து வந்தார். கழக்கூட்டம் பகுதியிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். தம் அலுவலகக் கணினியின் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டு வந்திருந்தார். முந்தைய வாரம் வியாழக்கிழமை மாலை, அவருடைய சேமிப்புக் கணக்கின் அட்டையைக் கொண்டு வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் ரூ. 18,400-க்குப் பொருள் வாங்கப்பட்டதாக வங்கியின் எச்சரிக்கை மின்னஞ்சல் அவருக்கு வந்திருந்தது. அவர் எதனையும் வாங்கவில்லை. வெளிநாட்டுப் பயணம் ஒன்றுக்காக அட்டையின் அயல்நாட்டுப் பயன்பாட்டை முன்னர் அனுமதித்தவர், திரும்பிய பின் அதனை நிறுத்த மறந்திருந்தார்.

எச்சரிக்கையைக் கண்டதும் அவர் செய்தது சரியான செயலே. அந்த மின்னஞ்சலுக்கே, இப்பரிவர்த்தனை தம்முடையது அன்று என மறுமொழி எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். பின்னர் கணினியை அணைத்துவிட்டுச் சொந்த ஊர்க் கோயில் கொடைக்குப் புறப்பட்டார். வெள்ளி முதல் செவ்வாய் வரை விடுப்பு. புதன்கிழமை காலை கணினியைத் திறந்தபோது அவருடைய மறுமொழி, அவுட்பாக்ஸ் என்னும் அனுப்பப்படாத அஞ்சல்களின் அறையிலேயே கிடந்தது. வங்கிக்கு அது வந்து சேரவே இல்லை. கைப்பேசி எண்ணை மாற்றியிருந்தும் வங்கியில் அதனைப் பதியாததால், குறுஞ்செய்தி எச்சரிக்கையும் பழைய எண்ணுக்கே சென்றிருந்தது.

இதில் பொருள் இழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2017 ஜூலை 6 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுத்தது. வங்கியின் பிழையும் இன்றி, வாடிக்கையாளரின் பிழையும் இன்றி, இடையில் எங்கோ நேர்ந்த மீறலால் பணம் போயிருந்தால், வங்கியின் எச்சரிக்கை கிடைத்த நாளை நீக்கி மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு ரூ. 10,000 வரை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு இந்த வரம்பு ரூ. 5,000, சிறு, நடுத்தரத் தொழில்களின் நடப்புக் கணக்குக்கு ரூ. 10,000, பிற நடப்புக் கணக்குகள் பலவற்றுக்கு ரூ. 25,000. ஏழு நாட்களும் கடந்துவிட்டால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு ஏற்ற கொள்கைப்படியே தீர்வு.

நம் வாடிக்கையாளரின் கணக்கைப் பார்ப்போம். வெள்ளி ஒரு நாள். அடுத்து வந்தது இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. அவர் எங்கள் முன் அமர்ந்திருந்த புதன்கிழமை நான்காம் நாள். ஒரே ஒரு நாள் தாமதம்; அதன் விலை பத்தாயிரம் ரூபாய்.

வியாழக்கிழமையே எழுதிய மறுமொழியை அவர் படத்தில் காட்டினார். அதில் நாளும் மணியும் தெளிவாக இருந்தன. ஆனால் அச்சுற்றறிக்கையின்படி எச்சரிக்கை சென்று சேர்ந்த நேரத்தையும், வாடிக்கையாளரின் மறுமொழி வங்கிக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் வங்கியின் அமைப்பு பதிவு செய்கிறது. அந்தப் பதிவில் வியாழக்கிழமை மறுமொழி இல்லை. எழுதப்பட்ட காசோலை சட்டைப் பையிலேயே இருந்தால் கணக்கில் பணம் ஏறாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். விதியை எடுத்துச் சொல்லும்போது எங்களுக்கும் வருத்தமாகவே இருந்தது.

அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "அஞ்சல் வருகிறதே, சார், அப்படியானால் போகவும் வேண்டும்தானே?"

வருவதும் போவதும் வெவ்வேறு வழிகள்

வருகின்ற அஞ்சலும் போகின்ற அஞ்சலும் ஒரே சாளரத்தில் தோன்றுவதால் ஒரே வழியில் செல்வதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள், அஞ்சலைப் பெறுவதற்கு ஒரு சர்வரையும், அனுப்புவதற்கு வேறொரு சர்வரையும் நாடுகின்றன. ஒவ்வொரு சர்வரிலும் பல வாயில்கள் உள்ளன. அவற்றுக்கு எண்கள் உண்டு. திரையில் இது போர்ட் என்று காணப்படும்.

திருவனந்தபுரத்தில் வாழ்வோருக்கு இதனை எளிதில் விளக்கலாம். தமிழ் வணிகர்கள் பலர் கடை வைத்திருக்கும் சாலை பஜாரிலிருந்து பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்பவர் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து செல்கிறார். கோட்டைக்கு வேறு வாயில்களும் உள்ளன. எந்த வாயிலில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே விடுவது என்று காவலருக்குக் கட்டளை இருந்தால், ஒரு வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர் மற்றொன்றில் தடையின்றிச் செல்லக்கூடும். அலுவலக வலையமைப்பின் எல்லையில் நிற்கும் ஃபயர்வால் என்னும் தீயரண் அத்தகைய காவலே. அது கடிதத்தின் உள்ளடக்கத்தை எப்போதும் படிப்பதில்லை. பெரும்பாலும் எந்த முகவரிக்கு, எந்த எண்ணுள்ள வாயிலுக்குச் செல்கிறீர் என்பதை மட்டுமே கேட்கிறது.

நம் வாடிக்கையாளர் அஞ்சலைப் பெறுவதற்கு 993 என்னும் வாயிலை அமைத்திருந்தார். அவருடைய அலுவலகத் தீயரண் அதனைத் திறந்து வைத்திருந்தது. அனுப்புவதற்கோ, யாரோ எழுதி வைத்த பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து 25 என்று இட்டிருந்தார். அந்த வாயில் மூடப்பட்டிருந்தது. மென்பொருளை நிறுவி ஒரு மாதம் ஆகியிருந்தும், அதுவரை அவர் படித்தாரேயன்றி எவருக்கும் எழுதவில்லை. முதன்முதலாக எழுதிய அஞ்சலே அவசர அஞ்சலாக அமைந்துவிட்டது.

25 ஏன் மூடப்பட்டது

25-ஆம் வாயில் மின்னஞ்சலின் தலைவாயில். ஜான் போஸ்டல் எழுதி 1982 ஆகஸ்டில் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறை, கணினிகள் தமக்குள் அஞ்சலைக் கைமாற்றிக்கொள்ள இந்த எண்ணைப் பயன்படுத்தியது. அக்காலத்தில் வலையமைப்பில் இருந்தோர் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். அனுப்புபவர் யார் என்று கேட்கும் ஏற்பாடு அந்த நெறிமுறையில் இல்லை. தேவையென்று எவருக்கும் தோன்றவும் இல்லை.

1988 நவம்பர் 2 அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் வெளியிட்ட ஒரு சிறு நிரல், தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு ஏறத்தாழ 6,000 கணினிகளைத் திணறடித்ததாக மதிப்பிடப்பட்டது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, சென்ட்மெயில் என்னும் அஞ்சல் விநியோக நிரலில் இருந்த ஓட்டை. தீயரண் பற்றிய அக்கறை அதன் பிறகு விரைவாக வளர்ந்தது. ஆகவே தீயரணுக்கும் அஞ்சலுக்கும் உள்ள பகை புதியதன்று, தொடக்கத்திலேயே நேர்ந்தது.

பின்னாளில் வேறொரு தொல்லை சேர்ந்தது. நச்சு நிரல் புகுந்த அலுவலகக் கணினிகள், உரிமையாளர் அறியாமலே, 25-ஆம் வாயில் வழியாக ஆயிரக்கணக்கான குப்பை அஞ்சல்களை உலகெங்கும் அனுப்பலாயின. அவ்வாறு ஓர் அலுவலகத்திலிருந்து குப்பை புறப்பட்டால், அந்த அலுவலகத்தின் இணைய முகவரியே தடைப்பட்டியலில் ஏறிவிடும். பிறகு அதன் நேர்மையான கடிதங்களும் ஏற்கப்படா. எனவே சொந்த அஞ்சல் சர்வருக்கு மட்டும் 25-ஐ அனுமதித்து, மற்றக் கணினிகளுக்கு மூடிவிடுவது வலையமைப்பு அலுவலர்களின் வழக்கமாயிற்று. வீட்டுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பலவும் அவ்வாறே செய்கின்றன. இதனைத் தொந்தரவு என்று கருதுவோர் உண்டு. எங்கள் கருத்தில் இது அண்டை வீட்டாரையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு.

தனி மனிதர் தம் அஞ்சலை ஒப்படைப்பதற்கென்று 1998 டிசம்பரில் 587 என்னும் வாயில் வரையறுக்கப்பட்டது. அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். 465 என்ற எண்ணுக்கு ஒரு சிறு கதை உண்டு. அது முதலில் ஒதுக்கப்பட்டு, பின்னர் திரும்பப் பெறப்பட்டு, ஆயினும் பயன்பாட்டில் நிலைத்து, 2018 ஜனவரியில் முறைப்படி மீண்டும் ஏற்கப்பட்டது. இன்று விரும்பத்தக்கதாகப் பரிந்துரைக்கப்படுவதும் இதுவே. 587-உம் தொடர்ந்து செல்லும்.

அமைக்கும் முறை

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் என்னும் பகுதியைத் திறந்தால், இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு கணக்கின் கீழும் சர்வர் செட்டிங்ஸ் காணப்படும். அது வரவு அஞ்சலுக்கு உரியது. பட்டியலின் அடியில் அவுட்கோயிங் சர்வர் என்று தனியே இருப்பது செலவு அஞ்சலுக்கு உரியது. பலர் முதலாவதைத் திருத்திவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பழைய அவுட்லுக்கில் இவை கணக்கு அமைப்புக்குள் மோர் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு என்னும் தாவலில் அடுத்தடுத்து இருக்கும்.

வரவுக்கு ஐமேப் முறையைத் தேர்ந்தவர் 993 என்றும், பாப் முறையைத் தேர்ந்தவர் 995 என்றும் இடுக. இரண்டிலும் கனெக்ஷன் செக்யூரிட்டி என்ற இடத்தில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் இருத்தல் வேண்டும். ஐமேப்பில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும். அலுவலகம், வீடு, கைப்பேசி எங்கும் ஒன்றே தெரியும். பாப் முறை அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். அமைப்பைப் பொறுத்துச் சர்வரிலிருந்து நீக்கியும்விடும். அலுவலகக் கணினியில் பாப் வைத்து, வங்கியின் எச்சரிக்கை அஞ்சல் அங்கே இறங்கிவிட்டதனால், வீட்டில் ஒன்றுமே காணாதவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். வங்கி அஞ்சல் வரும் கணக்குக்கு ஐமேப் முறையே தக்கது.

செலவுக்கு 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். எண்ணும் பாதுகாப்பு முறையும் பொருந்தாவிட்டால் வாயில் திறந்திருந்தும் உரையாடல் நடவாது. 465-ல் வாயிலைத் தொட்டவுடனே குறியாக்கம் தொடங்குகிறது. 587-ல் முதலில் வெளிப்படையாக வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு குறியாக்கத்துக்கு மாறுவோம் என்று மென்பொருள் வேண்டுகிறது. இடையில் நிற்கும் சில தீயரண்கள் அந்த வேண்டுகோளையே அழித்துவிடுவதுண்டு. அப்போது 587 பிழை காட்டும், 465 சென்றுவிடும். ஜிமெயில் உட்படப் பல சேவைகள் இரண்டு எண்களையும் ஏற்கின்றன.

இன்னுமொன்று. செலவு சர்வருக்கும் பயனர் பெயரும் அடையாளம் காணும் முறையும் தேவை. ஜிமெயில், 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் பிற மென்பொருள்கள் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவதைப் படிப்படியாக நிறுத்தியது. ஆதலின் ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் ஓஆத்2 என்பதைத் தேர்க. அப்போது கூகுளின் நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறக்கும். அது இணையதளங்களுக்கு உரிய 443-ஆம் வாயில் வழியே செல்வது; பெரும்பாலும் தடை இராது.

பிழைச்செய்தி சொல்வது என்ன

பிழைச்செய்தி வந்தவுடன் சாளரத்தை மூடிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அதனை ஒருமுறை படித்தால் பாதி வேலை முடிந்தது. மென்பொருள் நெடுநேரம் காத்திருந்து, டைம்டு அவுட் என்று சொன்னால், நம் வேண்டுகோளைத் தீயரண் ஓசையின்றி விழுங்கிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். காவலர் பதிலே சொல்லவில்லை. நாம் வாயிலில் நின்றுகொண்டே இருக்கிறோம். உடனடியாக ரெஃப்யூஸ்டு என்று வந்தால், யாரோ கேட்டு மறுத்திருக்கிறார்கள். தீயரணாகவும் இருக்கலாம், சர்வரின் அந்த எண்ணில் கேட்பார் இல்லாமலும் இருக்கலாம். எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று வந்தால் மகிழலாம். நாம் தீயரணைக் கடந்து சர்வரின் திண்ணை வரை சென்றுவிட்டோம் என்பதே அதன் பொருள். இதன் பிறகு வலையமைப்பு அலுவலரை நச்சரித்துப் பயனில்லை.

ஐயம் தீர எளிய சோதனை ஒன்றுண்டு. தங்கள் சொந்த மடிக்கணினியில் அதே அமைப்பை இட்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம். அங்கே செல்லுமானால் அமைப்பு சரி. தடுப்பது அலுவலக எல்லையே. அலுவலகக் கணினியை இவ்வாறு வெளி இணைப்பில் மாட்ட வேண்டாம். பல நிறுவனங்களில் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய செயல்.

தம்பானூரில் ரயில் நிலையத்தின் வைஃபையில் இணைந்ததும் அஞ்சல் வரவில்லை என்று கேட்போர் உள்ளனர். அங்கே முதலில் உலாவியைத் திறந்து, கைப்பேசி எண்ணைக் கொடுத்து நுழைய வேண்டும். அதுவரை மின்னஞ்சல் மென்பொருளுக்கு வழி கிடையாது. இது தீயரணின் குறையன்று.

இணையதளம் திறக்கிறது, அஞ்சல் மட்டும் ஏன் இல்லை

பெரிய அலுவலகங்களில் வேறொரு நிலை உண்டு. 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் போன்ற வளாகங்களில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து இயங்கினும், ஒவ்வொன்றும் தன் எல்லையைத் தானே காக்கிறது. அவற்றுள் சில, எந்தக் கணினியையும் வெளியுலகத்துடன் நேரே பேசவிடுவதில்லை. பிராக்சி என்னும் இடைத்தரகர் ஒருவர் வழியாகவே இணையதளங்கள் பார்க்கப்படுகின்றன. உலாவிக்கு அந்தத் தரகரைத் தெரியும். மின்னஞ்சல் மென்பொருளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், இணையப் பக்கங்களுக்கென அமைந்த தரகர் பெரும்பாலும் 443-க்கே வழிவிடுவார். 993, 465 என்று கேட்டால் மறுப்பார். சாக்ஸ் என்ற வகைத் தரகர் இருந்தால் அஞ்சலும் செல்லும். தண்டர்பேர்டின் கனெக்ஷன் செட்டிங்ஸில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதன் முகவரியை நிறுவனமே தர வேண்டும்.

தராவிட்டால் என்ன செய்வது? உலாவியில் மின்னஞ்சல் சேவையின் இணையப் பக்கத்தைத் திறந்து படித்து, அங்கிருந்தே மறுமொழி அனுப்பலாம். அதுவும் தடுக்கப்பட்டிருந்தால், தனிப்பட்ட அஞ்சலை அலுவலகத்தில் பார்க்க வேண்டாம் என்பதே நிறுவனத்தின் முடிவு. அதனை மதித்து, வங்கி அஞ்சலைச் சொந்தக் கைப்பேசியில், சொந்த இணைப்பில் பார்ப்பதே முறை.

இங்கேதான் பலர் தவறான வழியில் இறங்குகிறார்கள். தீயரணைத் தாண்டித் தருவோம் என்று விளம்பரம் செய்யும் இலவச வி.பி.என். செயலிகளை நிறுவுகிறார்கள். நம் நகரக் கோட்டையின் வாயில்களுள் ஒன்றுக்கு வெட்டிமுறிச்ச கோட்டை என்று பெயர். சுவரை வெட்டித் திறந்ததைப் பெயரே சொல்கிறது. அது அதிகாரம் உடையோர் திறந்த வழி. அலுவலகச் சுவரில் ஊழியர் ஒருவர் தாமாக ஓட்டை போடுவது அப்படிப்பட்டதன்று. அந்தச் சுரங்கத்தின் மறுமுனையில் அமர்ந்திருப்பவர் யார் என்பது நமக்குத் தெரியாது. நம் கணக்கு அறிக்கையும் எச்சரிக்கை அஞ்சலும் அவர் வாசல் வழியே போகும்.

மற்றொரு தவறு இதைவிடப் பரவலானது. குறியாக்கத்தோடு செல்லவில்லை என்றால், கனெக்ஷன் செக்யூரிட்டி என்ற இடத்தில் நன் என்று மாற்றி, 143, 110, 25 முதலிய பழைய வாயில்களை முயன்று பார்க்கச் சொல்லும் நண்பர்கள் எங்கும் உள்ளனர். அஞ்சல் சென்றுவிடக்கூடும். அதனுடன் கடவுச்சொல்லும், மூடாத அஞ்சலட்டையில் எழுதியதுபோல, வழிநெடுகப் படிக்கத்தக்க நிலையில் செல்லும். மின்னஞ்சல் கணக்கைக் கைப்பற்றியவர், அதன் வழியே கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளைப் பெற்று மற்றக் கணக்குகளையும் தொடுவார். அஞ்சல் போகாதிருப்பதே இதைவிட மேல்.

சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை

சில நேரம், இச்சர்வரின் சான்றிதழை நம்ப இயலவில்லை என்று மென்பொருள் அறிவிக்கும். அருகிலேயே, விதிவிலக்காக ஏற்கிறேன் என்னும் பொருளில் ஒரு பொத்தானும் இருக்கும். அதனை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். ஆகையாலேயே அது ஆபத்தானது.

இவ்வறிவிப்பு அலுவலகத்தில் வருவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். நச்சு நிரலைத் தேடுவதற்காகச் சில தீயரண்கள் குறியாக்கப்பட்ட உறையைப் பிரித்துப் பார்த்து, நிறுவனத்தின் சொந்த முத்திரையிட்டு மீண்டும் ஒட்டுகின்றன. நிறுவனத்தின் முத்திரை விண்டோஸில் பதியப்பட்டிருப்பதால் உலாவி முணுமுணுப்பதில்லை. தண்டர்பேர்டோ தனக்கென்று தனிப் பதிவேடு வைத்திருப்பது. அந்த முத்திரையை அறியாமல் எச்சரிக்கிறது. வீட்டுக் கணினியில் அஞ்சலைச் சோதிக்கும் ஆன்டிவைரஸ் மென்பொருளும் இதே விளைவைத் தருவதுண்டு.

ஆனால் தீய நோக்கத்தோடு இடையில் நிற்பவர் செய்தாலும் இதே அறிவிப்புத்தான் வரும். பார்வையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே அலுவலகத்தில் இது தோன்றினால், சான்றிதழை வழங்கியவர் என்று காட்டப்படும் பெயரைக் குறித்துக்கொண்டு, வலையமைப்பு அலுவலரிடம் இது நம்முடையதா என்று கேட்க வேண்டும். ஆம் எனில், தங்கள் வங்கி அஞ்சலை நிறுவனத்தின் கருவி படிக்கிறது என்பதையும் உணர்ந்தே மேற்செல்ல வேண்டும். பொது இடத்து வைஃபையில் இவ்வறிவிப்பு வந்தால் கேட்பதற்கே ஒன்றுமில்லை, இணைப்பைத் துண்டித்துவிடுக.

வலையமைப்பு அலுவலருக்கு எழுதும் மடல்

எங்கள் வாடிக்கையாளருக்கு அன்று நாங்கள் எழுதித் தந்த மடல் வருமாறு. தேவைப்படுவோர் தம் நிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா, என் மேசைக் கணினியிலுள்ள மின்னஞ்சல் மென்பொருளில் அஞ்சல் வருகிறது, ஆனால் அனுப்ப இயலவில்லை. டைம்டு அவுட் என்னும் பிழை வருகிறது. என் மின்னஞ்சல் சேவையின் செலவு சர்வருக்கு மட்டும், 465 அல்லது 587 என்னும் வாயில் வழியே, குறியாக்கத்துடன் வெளிச்செல்ல அனுமதி வேண்டுகிறேன். 25-ஆம் வாயில் எனக்குத் தேவையில்லை. வெளியிலிருந்து என் கணினிக்குள் வர எந்த வாயிலும் திறக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் விதிகள் இதற்கு இடந்தராவிட்டால், அனுமதிக்கப்பட்ட மாற்று வழியைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்."

தீயரணைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டால் எந்த வலையமைப்பு அலுவலரும் தயங்குவார். எந்தச் சர்வர், எந்த எண், எந்தத் திசை என்று சொல்லிக் கேட்டால் அவர் வேலை எளிதாகிறது. அந்நிறுவனத்தில் ஒரு வாரத்துக்குள் 465 திறக்கப்பட்டது. அமைப்பை மாற்றச் சில நிமிடங்களே ஆயின.

வழி திறந்தபின் தங்களுக்குத் தாங்களே ஓர் அஞ்சல் எழுதி அனுப்பிப் பார்க்கவும். அது சென்ட் என்னும் அறைக்குள் சென்றதா, திரும்பி வந்து சேர்ந்ததா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், நிறுவனம் தன் வலையமைப்பை மாற்றும்போதும் இதனைச் செய்வது நன்று.

வங்கி அஞ்சலுக்கு மறுமொழி எழுதும் முன் ஒன்றைக் கவனிக்கவும். எச்சரிக்கை போலவே தோற்றமளிக்கும் போலி அஞ்சல்களும் வருகின்றன. அவற்றில் உள்ள இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ பயன்படுத்தலாகாது. ரிசர்வ் வங்கியின் 2025 ஏப்ரல் ஆணைப்படி வங்கிகளின் இணையதளங்கள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டியிருந்தது. முகவரியின் அந்த முடிவைப் பார்த்து நுழைவது ஒரு காப்பு. கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ கேட்கும் அஞ்சல் எதுவாயினும் வங்கியினுடையது அன்று.

மறுமொழி சென்றதா என்பதில் சிறிது ஐயம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணை அழைத்து அட்டையை முடக்கி, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளவும். பணமோசடி எனில் 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் உடனே அழைக்கலாம். அங்கே எந்தத் தீயரணும் குறுக்கே நிற்பதில்லை.

எங்கள் வாடிக்கையாளருக்கு ரூ. 8,400 திரும்பக் கிடைத்தது. அதே நாளில் தம் புதிய கைப்பேசி எண்ணைப் பதியும் படிவத்தையும் நிரப்பித் தந்தார். கைப்பேசி எண் மாறியவர்கள் அடையாளச் சான்றுடன் தம் கிளைக்கு வந்தால், அந்தப் படிவம் முன்மேசையிலேயே கிடைக்கும்.